டிரிம்முக்குப் பின்னால் இருக்கும் நட்டு: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பின்பக்க ஷாக் அப்சார்பரை முதன்முறையாகத் தனியாக மாற்றப்போகிறேன், டிக்கி டிரிம்மை உடைக்காமல் எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தாய். சந்தோஷமாக இருந்தது. உன் வயதில் எல்லோரும் ஷாக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். டிரிம்மைப் பற்றிக் கேட்கிறவர்கள் அபூர்வம். உன்னைப்போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஷாக் மாற்றுவதில் பெரிய வித்தை கிடையாது. கீழே ஒரு போல்ட்டு. மேலே ஒன்றோ இரண்டோ மூன்றோ நட்டு. சில வண்டிகளில் மேல் நட்டு வீல் ஆர்ச்சுக்குள்ளேயே கைக்கு எட்டும். அப்படி இருந்தால் உள்ளே எதையும் தொடாதே. ஆனால் பல செடான்களிலும் ஹேட்ச்பேக்குகளிலும் அந்த நட்டு டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குப் பின்னாலோ, பின்சீட்டின் முதுகுக்குப் பின்னாலோ, பார்சல் டிரேக்கு அடியிலோ இருக்கும். சக்கரத்துக்கு மேலே பாடியில் பலமான இடம் ஷாக் டவர் என்கிற தகட்டு மேடுதான். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் அது வாங்க வேண்டும் என்பதால் ஷாக்கின் தலையை அங்கே கட்டுகிறார்கள். அந்த டவர் டிக்கிக்குள் துருத்திக்கொண்டு வரும். பார்வைக்கு நன்றாக இருக்காது என்று அதைத் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே எந்த வண்டியானாலும் முதலில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார். மேல் நட்டுக்கு வழி எது என்று தெரியாமல் ஒரு கிளிப்பைக்கூட இழுக்காதே.

அதற்கும் முன்னால், கழற்றத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ‘பின்னாடி டொக் டொக்குன்னு சத்தம்’ என்று பார்ட்டி வந்தால் உடனே ஷாக் என்று முடிவு கட்டாதே. ஸ்டெப்னி லூசாக இருக்கலாம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அவற்றின் பையில் இல்லாமல் உருளலாம். மடக்கும் பின்சீட்டின் லாக் அதன் கொக்கியில் தளர்ந்து ஆடினாலும், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்தாலும் இதே சத்தம்தான் வரும். டிக்கியைக் காலி செய்து, சீட்டு முதுகை இறுகப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார். அதன் பிறகும் சத்தம் இருந்தால் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா, பம்ப் ஸ்டாப் நொறுங்கியிருக்கிறதா, கீழ் புஷ் கிழிந்திருக்கிறதா என்று கவனி. மேல் மவுன்ட் மட்டும் டிரிம்மைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றியதும் உள்ளங்கையை மவுன்ட்டின் தலைமேல் வைத்துக்கொண்டு, வெளியே ஒரு ஆளை விட்டு வண்டியை அமுக்கி ஆட்டச் சொல். ரப்பர் செத்திருந்தால் காதுக்கு முன்னால் கைக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ராடு தனியாக, பாடி தனியாக ஒரு துள்ளல் துள்ளும்.

அந்த மவுன்ட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈ36, ஈ46 வகை பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கார்களைச் சொல்வேன். அவற்றின் பின் ஷாக் மவுன்ட் சீக்கிரம் தேயும் என்பது உலகம் முழுக்க அந்த வண்டியைத் தொட்ட மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம். ஈ46 செடானில் டிக்கியின் பக்க விரிப்பை விலக்கினால் 13 மில்லிமீட்டர் சாக்கெட் பிடிக்கும் இரண்டு நட்டுகள். மேல் வேலை அவ்வளவுதான். செத்த மவுன்ட்டோடு வருஷக்கணக்கில் ஓட்டியதால் ஷாக் பாடியை நேரடியாக இடித்து, டவர் தகடே கிழிந்துபோன வண்டிகளும் உண்டு. சின்ன ரப்பரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை வெல்டிங் வரைக்கும் போய்விடும். அதே கம்பெனியின் ஈ39, அதாவது 1995-இல் வந்த 5 சீரிஸ் செடான், வேறு மாதிரி. அதில் மேல் நட்டுகள் மூன்றும் பார்சல் டிரேக்கு அடியில். பின்சீட்டு, சீட்டு முதுகு, இருபக்க சி-பில்லர் டிரிம், பிறகு டிரே, அதற்கும் கீழே சத்தம் அடக்கும் விரிப்பு என்று வரிசையாகக் கழற்றினால்தான் நட்டு கண்ணுக்குத் தெரியும். ஷாக் வேலையைவிட டிரிம் வேலை பெரிதாகிவிடும் வண்டி அது. நம் ஊரில் இவை அதிகம் இல்லைதான். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே காலம், வழி மட்டும் இத்தனை வித்தியாசம் என்பதை மனதில் வைத்துக்கொள்.

இனி கழற்றும் முறை. பில்லர் டிரிம்மில் கை வைக்க வேண்டியிருந்தாலோ, சீட்டில் சைட் ஏர்பேக் இருந்தாலோ, முதலில் இக்னிஷனை ஆஃப் செய்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடு. உடனே வேலையை ஆரம்பிக்காதே. டொயோட்டா 90 வினாடி காத்திருக்கச் சொல்கிறது, ஹோண்டா 3 நிமிஷம். ஏர்பேக் சர்க்யூட்டுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கான நேரம் அது. ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டர் முனையை வைத்துப் பார்க்கும் ஆசை உனக்கு என்றைக்கும் வரக்கூடாது. கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் போட்டு அழிக்கும்வரை நிற்கும். கேம்ரி ஹைபிரிட், பிரியஸ் போன்ற வண்டிகளில் மாடலைப் பொறுத்துப் பின்சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோ பெரிய பேட்டரி இருக்கும். ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்தால் கையை எடுத்துவிடு. அதற்கென்று பயிற்சி எடுத்தவர் பக்கத்தில் இல்லாமல் அந்த வேலை வேண்டாம்.

எது எதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக் கழற்றுவதுதான் டிரிம் வேலையின் சூட்சுமம். டிக்கியின் தரைப் பலகையையும் விரிப்பையும் எடு. அடுத்து டிக்கி வாசலில் பூட்டைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் பட்டை. அதன் ஓரம்தான் பெரும்பாலும் பக்க டிரிம்மின் நுனியைக் கவ்வியிருக்கும். அதை விட்டுவிட்டு பக்க டிரிம்மை இழுப்பவர்கள்தான் அதன் மூலையைக் கிழிக்கிறார்கள். பிறகு வாசலைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங். டிரிம் இருக்கும் நீளத்துக்கு மட்டும் கையால் உருவினால் போதும். சாமான் கட்டும் கொக்கி, டிக்கி விளக்கு, சீட்டு முதுகின் பக்கத் திண்டு எல்லாம் வந்த பிறகுதான் டிரிம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடு. ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் கொட்டாதே. நீளம் மாறிப் போட்டால் நீளமான ஸ்க்ரூ வயரிங்கில் இறங்கும்.

கிளிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உடைவதெல்லாம் அங்கேதான். நடுவில் ஊசி உள்ள கிளிப்பில் முதலில் ஊசியைத் தூக்க வேண்டும். சிலவற்றில் ஊசியை உள்ளே அமுக்கினால்தான் பிடி விடும். ஊசியை அப்படியே விட்டு முழுக் கிளிப்பையும் நெம்பினால் கால்கள் முறியும். வரிசையாகப் பற்கள் உள்ள கிளிப் நேராக இழுத்தால்தான் வரும், சாய்த்தால் தலை டிரிம்மோடு வந்து உடம்பு ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். இரும்புப் பட்டைக் கிளிப் பாடியிலேயே மாட்டிக்கொண்டு நின்றால், பிடுங்கி எடுத்து டிரிம்மின் காடியில் திரும்பச் செருகிவிட்டுத்தான் டிரிம்மை மாட்ட வேண்டும். எந்த வகையானாலும் பேனலின் கடைசி ஓரத்தைப் பிடித்து இழுக்காதே. கிளிப் இருக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகி, அந்த இடத்தை மட்டும் கிளப்பு. ஸ்க்ரூ டிரைவர் தகட்டின் பெயின்ட்டைக் கீறும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

நம் வெயிலில் பத்து வருஷம் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். முடி உலர்த்தும் டிரையரால் மிதமாகச் சூடு காட்டினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். என்ன செய்தாலும் சில கிளிப் உடையத்தான் செய்யும். அதனால் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பார். பேனலே உடைந்துவிட்டால் புதுப்பேட்டையில் பழைய பேனல் தேட வேண்டியிருக்கும். உடைந்த கிளிப்புக்குப் பதிலாக சிலிக்கோன் தடவி ஒட்டுவதை மட்டும் செய்யாதே. அடுத்து கழற்றப்போகிற மெக்கானிக்குக் கிழிப்பதைத் தவிர வழி இருக்காது.

டிரிம்முக்குப் பின்னால் என்னவெல்லாம் கிடக்கும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவாய். சில்லறை, குழந்தையின் கொலுசு, நிலக்கடலைத் தோல், சில சமயம் எலி கட்டிய கூடு. கிடைத்த பொருளையெல்லாம் ஒரு கவரில் போட்டு வண்டிக்காரரிடம் கொடு, ஒரு ரூபாய் நாணயமானாலும். எலி வந்த தடம் இருந்தால் அந்தப் பக்க வயரிங்கை விரல் விட்டுத் தடவிப் பார்த்து, கடிபட்ட இடத்தைப் படமெடுத்துக் காட்டு.

நட்டுக்கு வருகிறேன். வண்டி தரையில் நிற்கும்போதே மேல் நட்டை ஒரு சுற்று இளக்கி வைத்துக்கொள். அதன் பிறகு தூக்கு. பின்பக்கம் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடு, பாடியை ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியில் நிற்கும் வண்டியின் டிக்கிக்குள் ஏறவே கூடாது.

ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் வண்டியில் ஆக்ஸில் பீமுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஷாக்கை விடுவிக்க வேண்டும். பீம் கீழே தொங்கிவிடாமல் தடுப்பது பல வண்டிகளில் அந்த ஷாக்தான். அது போனால் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் எடையைத் தாங்க வேண்டிவரும். ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே ஏறியிருக்கும் வண்டியாக இருந்தால் இதை மட்டும் மறக்காதே: சுற்றியிருக்கும் மவுன்ட் நட்டுகளை மட்டும் கழற்று. நடு நட்டைத் தொடாதே. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த நடு நட்டு ஒன்றுதான். வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரசரில் பூட்டி, ஸ்பிரிங் சீட்டில் லூசாக ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும். மீறியவர்களின் முகமும் கையும் போயிருக்கிறது.

ஒற்றை நட்டு வண்டியில் நட்டோடு ராடும் சேர்ந்து சுற்றும். ராடின் தலையில் தட்டையான வெட்டோ எல்-கீ குழியோ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பு. புது ஷாக்கின் பளபளக்கும் ராடை கட்டிங் பிளேயரால் கவ்வினால், விழுந்த கீறல் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஷாக் சீக்கிரமே ஒழுகும். இம்பாக்ட் கன்னும் வேண்டாம். புது ஷாக்கைப் படுக்கவைத்து அனுப்பியிருப்பார்கள் என்பதால் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை மெதுவாக அழுத்தி இழுத்துவிட்டு மாட்டு. மவுன்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே கேஸ்கட் இருந்தால் அதையும் புதிதாகவே போடு, இல்லாவிட்டால் மழைக்கு டிக்கிக்குள் தண்ணீர் வரும். கீழ் போல்ட்டின் கடைசி முறுக்கு வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

டிரிம்மைத் திரும்ப மாட்டுவதற்கு முன், வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிடு. மறுபடி பிரிக்கும் வேலை மிச்சம். மாட்டும்போது பெட்ரோல் மூடி கேபிளும் வயரிங்கும் பேனலுக்குப் பின்னால் நசுங்காமல் இருக்கிறதா என்று பார். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றியிருந்தால் மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் ஓடுகிறதா என்று இழுத்துப் பார். குழந்தைகள் உட்காரும் சீட்டு அது.

கடைசியாக, காசு விஷயம். நம் பட்டறைகளில் டிரிம் உடைவதற்கு முரட்டுக் கையை மட்டும் குறை சொல்ல முடியாது. டிரிம் கழற்றும் நேரத்துக்கு யாரும் கூலி கேட்பதில்லை என்பதுதான் பெரிய காரணம். ஷாக் மாற்ற இவ்வளவு என்று மட்டும் பேசிவிடுகிறார்கள். டிக்கியைப் பிரித்து மாட்டும் நேரம் இலவசமாகிவிடுகிறது. இலவசம் என்றானதும் அவசரம் வருகிறது. நீ எஸ்டிமேட் எழுதும்போது ‘உள் டிரிம் கழற்றி மாட்ட’ என்று தனி வரி போடு, கிளிப் விலையைத் தனியாகக் காட்டு, ஏன் அவ்வளவு நேரம் ஆகும் என்று வண்டிக்காரரை டிக்கிப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டிச் சொல். கூலியைக் குறைக்கச் சொன்னால் வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள், அந்த வரியை மட்டும் அடிக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்