ஆட்டமும் அன்றாடக் கூலியும்

விளையாட்டையே தொழிலாகக் கொள்ளலாமா? பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், "முதலில் படிப்பைப் பார்" என்ற பதிலே வரும். அதில் நியாயம் உண்டு. ஆயினும் கேள்வியை அத்துடன் மூடிவிடலாகாது. நூறாண்டுகளுக்கு முன் இதே கேள்வி இங்கிலாந்தில் ஒரு விளையாட்டையே இரண்டாகப் பிரித்தது. அது ரக்பி.

பிரிவின் காரணம்

ரக்பி, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். இங்கிலாந்தின் வட பகுதியில் இதை ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் பாதி நாள் வேலை. ஆடப் போனால் கூலி போய்விடும். இழந்த அந்தக் கூலியை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். பணத்திற்காக ஆடுவது கூடாது என்று 1893இல் ரக்பித் தலைமைச் சங்கம் மறுத்துவிட்டது. மறுத்தவர்களில் பலர் கூலிக் கவலை அறியாத வசதி படைத்தவர்கள்.

1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடபுல மன்றங்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. ஒரு நாள் இழப்புக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. இச்சங்கமே பின்னாளில் 'ரக்பி லீக்' ஆயிற்று. பழைய முறையில் அணிக்கு 15 பேர். 1906 முதல் லீக் முறையில் 13 பேர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1898இல் வீரர்களுக்கு ஊதியம் தர அனுமதித்தபோது, வீரர் ஒவ்வொருவருக்கும் வேறொரு வேலை இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். 1905இல் அந்த விதி நீக்கப்பட்டது. எனினும் அது எழுப்பிய கேள்வி நீங்கவில்லை. உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டி நிற்பவர் சிலரே. அதன்பின் சோற்றுக்கு வழி என்ன?

நம் ஊர் கண்ட வழி

இக்கேள்விக்குக் கேரளம் வேறொரு விடை கண்டது. இங்கே முதலில் வேலை, அந்த வேலையின் பெயரால் ஆட்டம். கேரள போலீஸ், டைட்டானியம், மின்சார வாரியம், 2017இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்துவிட்ட ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் ஆகியவை கால்பந்து அணிகளை வளர்த்தன. மாதச் சம்பளம் உறுதி. ஆட்டம் ஓய்ந்தாலும் பணி தொடரும். கேரள போலீஸ் அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இரு வீரர்கள்

அந்த அணியில் ஆடிய ஐ. எம். விஜயன் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மைதானத்தில் சோடா விற்றவர். பதினேழு வயதில் போலீஸ் அணிக்கு வந்தார். 1991இல் கொல்கத்தாவின் மோகன் பகான் மன்றத்துக்குச் சென்று தொழில்முறை வீரரானார். பின்னர் பஞ்சாபின் ஜே.சி.டி. அணியில் 1996–97 தேசிய லீக் பட்டம் வென்றார். ஆட்டக் காலம் முடிந்ததும் போலீஸ் பணிக்கே திரும்பி, 2025இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வந்தது.

மற்றொருவர் கண்ணூரைச் சேர்ந்த வி. பி. சத்யன். இந்திய அணித் தலைவர். 1992இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் டிராபியை வென்ற கேரள அணிக்கும் அவரே தலைவர். போலீஸ் அணியை விட்டுச் சென்னை இந்தியன் வங்கியில் சேர்ந்தார். காயங்கள் அவரை விடாமல் வருத்தின. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 41.

சத்யனுக்கும் வேலை இருந்தது என்பதை மறக்கலாகாது. ஆட்டம் நின்ற பின் ஒரு வீரருக்குச் சம்பளம் மட்டும் போதாது. மருத்துவம் வேண்டும், மனத்துக்கு ஆதரவு வேண்டும், கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவரைத் தேடி வரும் நாலு பேர் வேண்டும்.

பெற்றோர் சிந்தனைக்கு

பிள்ளைக்குத் திறமை இருந்தால் தடுக்க வேண்டாம். படிப்பும் பயிற்சியும் ஒருங்கே தரும் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மூன்று கேள்விகளைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்.

1. அடிபட்டுப் படுத்தால் மருத்துவச் செலவு யாருடையது? அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதை எழுத்தில் பார்க்க வேண்டும்.

2. முப்பத்தைந்தாம் வயதில் கையில் என்ன தொழில் இருக்கும்? அதற்கான படிப்பு இப்போதே நடக்கிறதா?

3. தோற்று வரும் நாளில் வீட்டில் அவனுக்கு, அல்லது அவளுக்கு, என்ன வரவேற்பு?

முதல் இரண்டுக்கும் மன்றமும் அலுவலகமும் விடை சொல்லலாம். மூன்றாவதற்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.