கல்லூரியோடு கடனும் சேர்ந்தே வருகிறது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பூம்பாறைக்கு வந்த ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். கவுன்சலிங் வேண்டாம், சீட் உறுதி, பேங்க் லோனுக்கு நாங்கள் பொறுப்பு என்று போட்டிருக்கிறார்கள். பூண்டு விற்ற பணத்தில் அட்வான்ஸ் கட்ட உன் அப்பா தயாராகிவிட்டார் என்று அம்மா சொன்னாள். கட்ட வேண்டாம் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். காரணத்தை உனக்கு எழுதுகிறேன். நாளைக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவள் நீதானே.

எந்தக் கல்லூரி என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் கடனைப் பற்றி யோசிக்கலாம் என்பது பழைய கணக்கு. இப்போது நீ எந்தக் கல்லூரியில், எந்த வழியில் சேர்கிறாய் என்பதுதான் உன் வட்டியை முடிவு செய்கிறது. வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை தொழிற்படிப்புக்குக் கடன் வாங்கினால், படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009இல் வந்தது. 2018இல் அதற்கு ஒரு வேலி போட்டார்கள்: பொறியியல் போன்ற படிப்புகளுக்கு, கல்லூரி ‘நாக்’ தரச்சான்றோ, பாடப்பிரிவு ‘என்.பி.ஏ.’ அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தரவரிசையில் முன்னால் நிற்கும் 860 நிறுவனங்கள் முதல் பட்டியலில் இருந்தன. அவற்றில் சேர்ந்தால் சொத்து அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால், பத்து லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்தில் மூன்று சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. ஏஜென்ட் உறுதி என்று சொல்வது அந்தச் சீட்டைத்தான்.

வட்டி என்ன பெரிய வட்டி என்று அப்பா கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டு. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நாலு வருஷம் வாங்குகிறாய், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள். படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் முடியும்போது தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலோடு சேர்ந்து, 5,40,000 ரூபாய்க்குத் தவணை தொடங்கும். பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 7,100 ரூபாய். அந்த வட்டியை அரசு கட்டியிருந்தால் சுமார் 5,300 ரூபாயோடு போயிருக்கும். முதல் வேலையில் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ஹாஸ்டல் வாடகை.

கடனே வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் பொறியியல் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாமே அரசின் செலவு. அதில் கிடைக்காமல் பொதுக் கவுன்சலிங்கில் கிடைத்தால், உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நீ என்பதால், 2010 முதல் உள்ள கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. இந்த இரண்டும் மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கிடையாது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக வரும்.

பொறியியல்தான் வேண்டும் என்றும் இல்லை. கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே பழனியில் தேவஸ்தானம் நடத்தும் மகளிர் கல்லூரி இருக்கிறது. 2022 முதல் தேவஸ்தானக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். நாலு மாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சாதாரண பி.எஸ்சி.க்கு நான் சொன்ன முழு வட்டி மானியம் கிடையாது. அது தொழிற்படிப்புக்கு மட்டும்தான்.

உன் வகுப்பில் ஆதிதிராவிடர் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் சொல்: போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. ஆதார் இணைக்காத கணக்காக இருந்தால் பணம் வந்து சேராது.

படிப்பைப் பார்த்துக் கடன் கொடுப்பது நம் நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2025 ஜூலையில் வந்த சட்டம் பெரும்பாலான மேற்படிப்புகளுக்கான அரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் என்று உச்சவரம்பு கட்டியது. பட்டம் பெற்றும் பள்ளிப்படிப்போடு நின்றவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்க வைக்கும் பாடப்பிரிவுகளுக்குக் கடனையே நிறுத்தச் சொல்கிறது. அதில் ஏழை மாணவர் அடிபடுவார் என்ற பயம் எனக்கு உண்டு. இங்கேயும் உண்டு: வித்யாலட்சுமி பட்டியலுக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளில்தான் நம் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள். விதி நியாயமா என்று பிறகு வாதாடலாம். இந்த ஜூனில் உனக்குச் சீட் வேண்டும்.

அப்படியும் கடன் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பி. பதிவு எண் கையில் இருக்கும். நாலு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. “நீங்க எங்க சர்வீஸ் ஏரியா இல்லை” என்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணம் செல்லாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டதை மரியாதையாக எடுத்துச் சொல். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் கேள். அம்மாவின் நகையை அடகு வைக்கும் பேச்சை அதற்கு முன்னால் எடுக்காதீர்கள்.

வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பி. கொடைக்கானல் தாலுகா ஆபீசில் மே மாதக் கூட்டம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஏஜென்டிடம் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் சீட்டையோ டி.சி.யையோ கொடுத்துவிடாதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அப்பாவோடு இன்றே போய் வாங்கிக்கொண்டு எனக்கு போன் செய்.

அன்புடன்,
உன் மாமா,
பழனி.