பிள்ளைகளின் கையால் தருமம்



இன்று எமது பெற்றோர் பிள்ளைகளின் கல்வியிற் காட்டும் கரிசனை போற்றுதற்குரியது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் பல்கலைக்கழக அனுமதி வரை இரவு பகலாகப் பாடுபடுகின்றனர். ஆயினும் நன்றாகப் படித்த பிள்ளை, அயலவரின் துன்பத்தைக் கண்டு இரங்காத பிள்ளையாக வளருமாயின் அக்கல்வியால் ஊருக்கு என்ன பயன்? நாளை முதுமையில் தளரும் பெற்றோருக்குத்தான் என்ன பயன்? ஆகவே பிள்ளைகளிடம் இரக்கத்தையும் பிறருக்கு உதவும் குணத்தையும் வளர்ப்பது எவ்வாறு என்பதைச் சிறிது சிந்திப்போம்.

முதலில் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இரக்கம் புத்திமதியால் மாத்திரம் வருவதன்று. நீச்சலைப் போல அதுவும் பழகி வருவது. தருமம் செய்யும் வீட்டிற் பிறந்த பிள்ளையாயினும், அத்தருமத்தில் தன் கைக்கும் ஒரு வேலை கிடைத்தால்தான் அக்குணம் அதனிடம் நிலைக்கும்.

பெரியபுராணம் காட்டும் இல்லம்

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரிற் காணாத திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் முதலிய அறங்களைச் செய்தார். தம் புதல்வர்களுக்கும் அப்பெயரையே இட்டார். நாயனார் அவர் இல்லத்துக்கு எழுந்தருளியபோது, அமுது படைப்பதற்கு வாழைக்குருத்து அரிந்து வரும்படி மூத்த மகனை அனுப்பினர். தோட்டத்தில் பாம்பு தீண்டியது. அடியார் அமுது செய்வது தடைப்படக் கூடாதென எண்ணி, அதைச் சொல்லாமலே குருத்தைக் கொடுத்து வீழ்ந்தான் அப்பிள்ளை. பின்னர் நாயனார் பதிகம் பாட உயிர்பெற்று எழுந்தான்.

இதனை நாம் ஓர் அற்புதமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இதில் உண்டு. விருந்தோம்பலில் அந்த மகனுக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. "நீ போய்ப் படி, இது பெரியவர்களின் வேலை" என்று அவனை விலக்கி வைக்கவில்லை.

சொல்லும் செயலும்

எமது திருக்கேதீச்சரம் மீண்டும் எழ வேண்டுமென 1872 இல் சைவ மக்களுக்கு எடுத்துரைத்தவர் ஆறுமுக நாவலர் பெருமான். சிறுவர்களுக்காகப் பாலபாட நூல்களை எழுதியவரும் அவரே. நற்குணங்களை நூலில் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1876 முதல் 1878 வரையான பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார்.

நம் காலத்தில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) அவ்வழியில் நடந்தார். ஆசிரியையாக விளங்கிய அவர், தெல்லிப்பழை துர்க்கையம்மன் ஆலயத்தை நிருவகித்த காலத்தில், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை 1982 இல் ஏற்படுத்தினார். ஆலயத் தொண்டு என்பது கோபுரம் கட்டுவதோடு முடிவதில்லை என்பதை நாட்டுக்கு உணர்த்தினார்.

கைம்மாறு கருதாமை

ஜேர்மனியிற் பணியாற்றிய வார்னகென், தொமசெல்லோ என்னும் ஆய்வாளர்கள் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெரியவர் ஒருவர் கைதவறி விழுத்திய பொருளை, ஒன்றரை வயதுக் குழந்தைகளிற் பெரும்பாலோர் எவரும் கேளாமலே எடுத்துக் கொடுத்தனர். 2008 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவிக்குப் பரிசாகப் பொருள் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றபின் பரிசு பெறாத குழந்தைகளிலும் குறைவாகவே உதவினர் என்று கண்டனர்.

உதவும் எண்ணம் பிள்ளையிடம் இயல்பாகவே உண்டு என்பதும், அதற்குக் கூலி கொடுத்தால் அது வாடிவிடும் என்பதும் இதனாற் பெறப்படும். "ஆச்சிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தால் பத்து ரூபா தருவேன்" என்று சொல்லாதீர்கள். "நீ அள்ளிக் கொடுத்தபடியால் ஆச்சியின் சிரமம் குறைந்தது" என்று சொல்லுங்கள். அது போதும்.

எமது பகுதிக்குரிய பாடம்

1990 இல் போர் மூண்டபோது மன்னார் மாவட்டச் சனங்கள் பலர் மடு மாதா தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களிற் சைவர்களும் இருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, புத்தளம் பகுதியிற் பல வருடங்கள் அகதிகளாக வாழ்ந்தனர். தமிழரிற் பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றனர். 2009 இல் போர் முடிந்த பின்னரே பல குடும்பங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பின.

இவற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எமது துன்பத்தை மாத்திரம் சொன்னால் பிள்ளை கோபத்தைப் படிக்கும். அயலவர் பட்ட துன்பத்தையும் சேர்த்துச் சொன்னால் இரக்கத்தைப் படிக்கும். திண்ணையிலும் அடுப்படியிலும் நாம் பிற சமயத்தவரைப் பற்றிப் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர்.

வீட்டிற் செய்யத்தக்கவை

1. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கத்தை மீண்டும் தொடங்குங்கள். பேணியில் அதைப் போடும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். நிறைந்ததும், தேவைப்பட்ட வீட்டுக்குப் பிள்ளையையும் கூட்டிச் சென்று கொடுங்கள்.

2. ஆலய அன்னதானத்தில் பிள்ளைகள் முதலில் இலை போடவும் தண்ணீர் வார்க்கவும் பழகட்டும். பின்னர் பந்தியில் இருந்து உண்ணட்டும்.

3. சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தம் எடுத்து வழிபட வரும் அடியார்களுக்குத் தாகசாந்தி செய்யும் தொண்டில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கொடுப்பதை மறைவாகவும் மரியாதையாகவும் கொடுக்கப் பழக்குங்கள். வாங்குபவர் கூசும்படி கொடுப்பது தருமமாகாது.

5. அறநெறிப் பாடசாலைக்குத் தவறாது அனுப்புங்கள். அங்கே கேட்டதில் ஒன்றையாவது அந்த வாரத்திற் செய்ய இடங்கொடுங்கள்.

இவற்றுக்குப் பெரும் செல்வம் வேண்டியதில்லை. ஏழை வீட்டிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு செம்பு தண்ணீரும் உண்டு. பிள்ளைக்கு நாம் தேடி வைக்கும் காணி, பூமி கைமாறிப் போகலாம் என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்த நாம் நன்கறிவோம். அப்போதெல்லாம் எம்மைக் காத்தது முன்பின் அறியாதவர் காட்டிய இரக்கமே. அதனை எம் பிள்ளைகளும் பிறருக்குக் காட்ட, எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.