புறநகர் வளர்ச்சியும் போக்குவரத்தும்: திருச்சிராப்பள்ளி – ஓர் ஆய்வு

முன்னுரை

‘நகர்’ என்பது தமிழில் தொன்மை வாய்ந்த சொல். சங்க இலக்கியத்தில் அது மனையையும் மாளிகையையும் கோயிலையும் பேரூரையும் குறித்து வழங்கியது. இன்றோ வயல்வெளியில் எல்லைக்கல் நட்ட மறுநாளே அவ்விடம் ஒரு ‘நகர்’ ஆகிவிடுகிறது. பெயர் வந்துவிடுகிறது, வீடுகளும் வந்துவிடுகின்றன, அங்குச் சென்றுவரும் வழி மட்டும் அவரவர் பொறுப்பாக விடப்படுகிறது. சென்னை போன்ற பெருநகரங்களில் இச்சிக்கல் பலராலும் பேசப்படுகிறது. இடைத்தர நகரங்களில் அஃது அத்துணை பேசப்படுவதில்லை. ஆதலின் திருச்சிராப்பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நகரின் விரிவு, செல்வப் பெருக்கம், போக்குவரத்து வாய்ப்பு ஆகிய மூன்றும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஈண்டுக் காண்போம்.

இலக்கியம் காட்டும் நகர்

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இருபெரும் பகுதிகளை உடையது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் பரதவரும் நெசவாளரும் பல்வகைக் கைவினைஞரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடி வணிகரின் மாடங்களும் இருந்தன. உழைப்போர் பகுதியும் செல்வர் பகுதியும் வேறு வேறாகவே இருந்தன என்பதை இதனால் அறிகிறோம். ஆயினும் நாளங்காடி எனப்பட்ட பகற்சந்தை இவ்விரு பகுதிகளுக்கும் இடைப்பட்ட சோலையில் அமைந்திருந்தது. இரு பாக்கத்தாரும் நடந்து வந்து சேரக்கூடிய நடுநிலம் அது. குடியிருப்பு பிரிந்திருப்பினும் பொதுவிடம் இருவருக்கும் எட்டுவதாக இருந்தது என்னும் இக்குறிப்பு, நம் ஆய்வுக்கு நல்லதோர் அளவுகோலாகும்.

தொழில் வளர்த்த குடியிருப்புகள்

சோழர் தலைநகராக விளங்கிய உறையூர் இன்று திருச்சியின் ஒரு பகுதி. மலைக்கோட்டையைச் சூழ்ந்த தெருக்களே நெடுங்காலம் நகரின் நடுவிடமாக இருந்தன. 1866இல் நகராட்சி தோன்றியது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. 1960களில் திருவெறும்பூரை அடுத்துப் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. இவற்றையொட்டி வளர்ந்த குடியிருப்புகளில் ஓர் ஒழுங்கைக் காண்கிறோம். தொழில் முதலில் வந்தது. அதன் அருகே தொழிலாளர் வீடு வந்தது. பள்ளியும் மருத்துவமனையும் விளையாட்டுத் திடலும் உடன் வந்தன. வீட்டிற்கும் வேலைக்கும் இடையிலான தொலைவைத் திட்டமிட்டோர் கணக்கில் கொண்டிருந்தனர்.

செல்வம் வளர்த்த புறநகர்

பின்னர் நிகழ்ந்த விரிவு வேறு வகையினது. தில்லைநகர் போன்ற பகுதிகள் நகர நடுவை ஒட்டியே வளர்ந்தன. அடுத்த தலைமுறையில் நிலத்தின் விலை உயர உயர, மக்கள் விமான நிலையச் சாலை, புதுக்கோட்டைச் சாலை, தஞ்சைச் சாலை, மதுரைச் சாலை எனப் பல திசைகளிலும் மனை வாங்கினர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்தோர் அனுப்பிய பணம் இதில் பெரும்பங்கு வகித்தது. பாலையின் வெயிலில் ஈட்டிய பொருள் ஒரு மனையாகவும் மாடி வீடாகவும் உருப்பெற்றது. இதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சொந்த வீடு என்பது உழைப்பவனின் நேரிய ஆசை.

1994இல் திருவரங்கமும் பொன்மலையும் இணைய, திருச்சி மாநகராட்சியாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகரமும் அதனைச் சூழ்ந்த நகர்ப்பகுதிகளும் சேர்ந்து 10 இலட்சத்தைக் கடந்தன. ஆயின் இவ்விரிவைப் பெரிதும் நடத்தியவர் நகரமைப்பு வல்லுநர் அல்லர், மனை விற்போரே. ஒவ்வொருவரும் தம் நிலத்திற்குள் தெருவை வரைந்தனர். அத்தெரு பக்கத்து மனைப்பிரிவின் தெருவோடு சேர வேண்டும் என்னும் கவலை பலருக்கு இருந்ததில்லை. 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்ததும், 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் தமிழகம் முழுவதும் இந்நிலை எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும். மனையை வரன்முறைப்படுத்திவிடலாம், வீடுகள் எழுந்தபின் முட்டுச்சந்தைப் பேருந்துச் சாலையாக்குதல் எளிதன்று.

வழியின் விலை

பேருந்து நுழையாத குடியிருப்பில் வசதியுடையோர் இருசக்கர வண்டி வாங்குகின்றனர். பின்னர் மகிழுந்து வாங்குகின்றனர். இதனால் பேருந்தில் ஏறுவோர் குறைகின்றனர். ஆள் குறைந்தால் நடைகள் குறைகின்றன. நடைகள் குறைந்தால், காத்திருக்க இயலாத அடுத்த குடும்பமும் கடன் வாங்கி வண்டி வாங்குகிறது. இச்சுழற்சியின் முடிவில் நிறுத்தத்தில் நிற்பவர் யாவர்? வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், கட்டடத் தொழிலாளர், மாணவர், முதியோர் ஆகியோரே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மாதம் 6000 ரூபாய் ஊதியத்திற்குப் புறநகர் வீடொன்றில் பணிசெய்யும் பெண்ணொருவர், ஷேர் ஆட்டோவிற்கு ஒருவேளைக்கு 20 ரூபாய் தருவதாகக் கொள்வோம். இருவேளைக்கு 40 ரூபாய். 26 நாட்களுக்கு 1040 ரூபாய். ஊதியத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது.

2021 மே மாதம் முதல் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இத்தகைய பெண்ணுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. எனினும் திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகளும் மிகுதியாக ஓடுகின்றன. அவற்றில் இச்சலுகை கிடையாது. பேருந்தே செல்லாத தெருவில் கட்டணமில்லாப் பயணமும் இல்லை. கட்டணத்தை நீக்குவது ஒரு படி. வழியை அமைப்பது அதற்கு முந்திய படி.

இடம் மாறிய சந்தையும் பேருந்து நிலையமும்

வீடுகள் மட்டுமன்றிப் பொதுவிடங்களும் இன்று புறநகர் நோக்கிச் செல்கின்றன. காந்தி சந்தையின் நெரிசலைக் குறைக்கக் கருதி, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் பெருஞ்செலவில் காய்கனி வணிக வளாகம் ஒன்று கட்டப்பெற்று 2017இல் திறக்கப்பட்டது. வணிகருள் பெரும்பாலோர் அங்குச் செல்ல இசையவில்லை. கடைகள் சிறியன, தொலைவு மிகுதி என்பன அவர்கள் கூறிய காரணங்களுள் சில. சந்தை என்பது கட்டடம் மட்டுமன்று. கூடையோடு வரும் சிறு வியாபாரியும், மூட்டை சுமப்பவரும், மாலையில் காய் வாங்க வருபவரும் சேர்ந்ததே சந்தை. அவர்கள் வந்துசேர இயலாத இடத்தில் தூண்களும் கூரையும் மட்டுமே நிற்கும்.

2025 மே 9ஆம் நாள் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்துவைக்கப்பட்டது. சூலை 16 முதல் அங்கிருந்து பேருந்துகள் இயங்கலாயின. நகருக்குள் நுழைந்த வெளியூர்ப் பேருந்துகளின் நெரிசல் குறைய இஃது உதவும். ஆயின் மத்திய பேருந்து நிலையம் இரயில் சந்திப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. பஞ்சப்பூரோ அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நள்ளிரவில் வெளியூரிலிருந்து வந்திறங்கும் ஒரு முதியவர்க்கு அந்த இடைவெளி பெரிது. முனையத்தின் சிறப்பை அதன் பரப்பைக் கொண்டு அளப்பதைவிட, அங்கிருந்து உறையூருக்கும் திருவரங்கத்திற்கும் அரியமங்கலத்திற்கும் இரவில் எத்தனை நேரத்திற்கு ஒரு பேருந்து உண்டு என்று கேட்டு அளப்பதே தகும்.

செய்யத்தக்கவை

முதலாவது, புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது பூங்காவிற்கு இடம் கேட்பதைப் போலவே, அண்டை மனைப்பிரிவோடு சேரும் சாலையும் பேருந்து நிற்கும் இடமும் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது, திருச்சியில் டவுன், கோட்டை, பாலக்கரை, பொன்மலை, திருவெறும்பூர், திருவரங்கம் என இரயில் நிலையங்கள் பல உள்ளன. இவற்றை இணைத்து நகர மக்களுக்கென அடிக்கடி ஓடும் தொடர்வண்டி இல்லை. அதற்கான வாய்ப்பை ஆராய்தல் நன்று. மூன்றாவது, நிறுத்தத்திலிருந்து வீடுவரை விளக்கும் நடைபாதையும் வேண்டும். வெயிலிலும் இருளிலும் நடக்க அஞ்சும் வழி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

நான்காவது, சமுதாயப் பெரியோர் கருத வேண்டியது. பள்ளியும் மருத்துவமனையும் திருமண மண்டபமும் அமைக்க முற்படும்போது, நிலம் மலிவு என்பதற்காகப் புறவழிச்சாலையை நாடுகிறோம். நாம் மிச்சப்படுத்தும் நிலவிலையை, அங்கு வந்துசெல்லும் எளியோர் ஆண்டுதோறும் வண்டிச் சத்தமாகச் செலுத்துகின்றனர். இடம் பார்க்கச் செல்பவர் ஒருமுறையேனும் பேருந்தில் சென்று பார்த்துவிட்டு முடிவு செய்தல் நலம்.

ஐந்தாவது, மாணவர்க்குரியது. ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, ஒரு வாரம் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அங்கு வரும் பேருந்துகளை முறைவைத்துக் குறித்து வைக்கலாம். நிறுத்தத்தில் நிற்போர் எவர், எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்பதையும் எழுதலாம். அத்தகைய பட்டியலைக் கையில் கொண்டு அதிகாரிகளை அணுகினால், வெறும் முறையீட்டைவிட அதற்கு வலிமை மிகுதி.

முடிவுரை

நகரம் விரிவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. செல்வம் பெருகுவது நன்றே. ஆயின் வண்டி உடையோர்க்கு மட்டும் அண்மையாகி, ஏனையோர்க்குச் சேய்மையாகும் நகரம் வளர்ந்த நகரம் ஆகாது. புகாரின் இருபாக்கத்தார்க்கும் எட்டும் இடத்தில் அன்று நாளங்காடி இருந்தது. இன்று நம் நகர் அதனினும் பன்மடங்கு பெரிது; அனைவரும் நடந்து சேரும் நடுநிலம் இனி அமைவது அரிது. அந்நடுநிலத்தின் பணியை இனிச் செய்ய வேண்டியது பொதுப் போக்குவரத்தே. வீட்டு வேலை முடித்து இரவில் திரும்பும் ஒரு பெண் அச்சமின்றி, கடனின்றித் தன் இல்லம் சேரும் நாளில்தான் புறநகரும் நகரின் பகுதி ஆயிற்று என நாம் கூறலாம்.