சூடு தாங்கும் ஈஸ்ட்: புராஜெக்டுக்கு எதை எடுப்பது?

இறுதியாண்டு பயோடெக் மாணவர்களின் வைவாவுக்கு வெளித்தேர்வாளராகப் போனால், 'உயர்வெப்பத்தில் எத்தனால்' என்ற தலைப்பு தவறாமல் கண்ணில் படுகிறது. அதனடியில் 'மரபணுத் திருத்தம் வழியாக' என்று ஒரு வாலும் இருக்கும். ஏன் என்று கேட்டால், "டைட்டில்ல ஜீன்னு இருந்தாத்தான் வெளிநாட்டுல அட்மிஷன் கிடைக்கும்னு அப்பா சொன்னார் சார்" என்கிறார்கள். அந்த அப்பா வங்கி அதிகாரி.

சூட்டில் நொதிக்க வைப்பது வீம்புக்கு அல்ல. ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போதே வெப்பமும் வெளிவருகிறது. லட்சக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டியில் அதைக் குளிர்நீர் ஓட்டித்தான் இறக்க வேண்டும். கூலிங் டவர் தண்ணீரோ காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகாது. மே மாதத்தில், கடலோரத்தில், தொட்டியை 32 டிகிரியில் பிடித்து நிறுத்துவது என்ன பாடு என்பது வடிசாலையில் ஷிப்ட் பார்த்தவனுக்குத் தெரியும். 38-ஐத் தாண்டினால் சாதாரண ஈஸ்ட் சோர்ந்துவிடும். சர்க்கரை மிச்சம் நிற்கும், புளிப்பேற்றும் பாக்டீரியா தலைதூக்கும்.

எந்த ஈஸ்டை எடுப்பது என்பது மூலப்பொருளைப் பொறுத்தது. மொலாசஸ்தான் உங்கள் மூலப்பொருள் என்றால், வடிசாலைகளின் வழக்கமான ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேவை விட்டு விலகாதீர்கள். க்ளூவெரோமைசிஸ் மார்க்சியானஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் 45 டிகிரியிலும் வளரும், பனீர் எடுத்த தண்ணீரில் இருக்கும் லாக்டோஸையும் தின்னும். ஆனால் ஆல்கஹால் ஏற ஏற முன்னதைவிடச் சீக்கிரமே படுத்துவிடும். வைக்கோல், கரும்புச் சக்கை என்று போகிறவர்களுக்கு அது பொருத்தம்: அவற்றைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதி 50 டிகிரிப் பக்கம்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும், எனவே நொதியையும் இந்த ஈஸ்டையும் ஒரே குடுவையில் 42, 43-ல் ஓட்டிப் பார்க்கலாம்.

இனி அந்த மரபணுத் திருத்தம். சூடு தாங்குவது ஒரு ஜீனின் வேலை அல்ல. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், டிரெஹலோஸ், செல்சவ்வின் ஸ்டீரால்கள் என்று பல கைகள் அதில் இருக்கின்றன. ஒன்றைத் திருகினால் இன்னொன்று தளரும். வடிசாலை ஈஸ்ட் வகைகள் பலவற்றில் ஒரே ஜீனுக்குப் பல நகல்கள் உண்டு, எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். அதற்கு அஞ்சி ஆய்வக ஈஸ்டை எடுத்தால், அது மொலாசஸின் உப்பிலும் கசட்டிலும் தாக்குப்பிடிக்காது. உயிரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வாங்குவதற்குள் செமஸ்டரில் பாதி போய்விடும். கடைசியில் பையன் காட்டுவது 42 டிகிரியில் தட்டில் முளைத்த நாலு புள்ளிகளை. தட்டில் வளர்வதும் சாராயம் தருவதும் ஒன்றா?

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் நீல்சன் குழுவினர் சூடு தாங்கும் ஈஸ்ட் பற்றி 2014-ல் வெளியிட்ட ஆய்வை எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், முழுதாகப் படித்தவர்கள் குறைவு. ஈஆர்ஜி3 என்ற ஜீனை அவர்கள் உட்கார்ந்து ஊகிக்கவில்லை. 40 டிகிரி அளவில் ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பிழைத்ததை எடுத்துப் படித்தபோது அந்த ஜீனில் நேர்ந்த மாற்றம் தானாகத் தெரியவந்தது. செல்சவ்வின் ஸ்டீரால் மாறியிருந்தது. அந்த வளர்ப்புக்கு வேண்டியது ஒரு இன்குபேட்டரும் நேரம் தவறாத ஒரு ஆளும். தொட்டியைக் கண்ணால் பார்க்காதவர்களின் கட்டுரைகளை நான் பொதுவாக அதிகம் நம்புவதில்லை. இது விதிவிலக்கு.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, தலைப்புக்கு முன் உங்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து குடுவை மாற்ற மனம் வருமா? வருமென்றால், இப்படி ஈஸ்டைச் சூட்டுக்குப் பழக்கி எடுக்கும் வழி உங்களுக்கானது. கணக்கும் குழாயும் பிடிக்குமென்றால், குளிர்நீரை மிச்சப்படுத்தும் வெப்பச் சமன்பாட்டையே புராஜெக்டாக்கலாம். எதுவும் பிடிக்கவில்லை என்றால் அதை அப்பாவிடம் இப்போதே சொல்வது நல்லது.

ஈஸ்டை சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் சேகரிப்புகளில் வாங்கலாம். ஆர்டரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 40 டிகிரிக் குடுவைக்கு ஜோடியாக, ஒப்பிட்டுப் பார்க்க 30 டிகிரிக் குடுவையும் ஓட வேண்டும். சூட்டில் ஆல்கஹால் ஆவியாகும், குடுவையின் வாயை ஏர்லாக்கால் மூடுங்கள். ஆல்கஹாலை அளக்கக் கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம், தினமும் குடுவையை எடை போட்டாலே போதும். குறையும் எடை வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு; அது 44 கிராம் என்றால், உள்ளே சுமார் 46 கிராம் எத்தனால் உருவாகியிருக்கும்.