பால் விலையும் நில விலையும்

பேராக்கில் முதல் தடவையாக நிலம் வாங்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு.

1. மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதற்கு முன் கிராண்டைப் படியுங்கள். ‘விவசாயம்’ என்று போட்ட நிலத்தில் செம்பனை எவ்வளவு காய்த்தாலும், பக்கத்தில் ‘கட்டடம்’ என்று போட்ட களைக்காட்டின் விலையை அது எட்டாது. வகையை மாற்ற மாநில அரசு சம்மதிக்க வேண்டும், பிரிமியமும் கட்ட வேண்டும். “மாத்திடலாம் சார்” என்ற தரகர் பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

2. யார் வாங்கலாம் என்பதும் விலைதான். மலாய் ரிசர்வ் நிலத்தை மலாய்க்காரர் அல்லாத நாம் வாங்க முடியாது. வாங்குபவர் குறைந்தால் விலையும் இறங்கும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்பங்களில் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில் காய்கறி போடுகிறார்கள், மீன் வளர்க்கிறார்கள். நல்ல வருமானம் வரலாம். ஆனால் அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதே ஈய மணலில் முறையான பட்டா கிடைத்த இடத்தில் தாமான் எழும்பிவிட்டது, புல்கூடச் சரியாக முளைக்காத மண்ணில்!

3. விளைச்சல்தான் விலை என்று யாராவது வாதாடினால், 1950-களின் தோட்டத் துண்டாடலை நினைவுபடுத்துங்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைக் கைகழுவின. வாங்கியவர்களில் பலருக்குக் கித்தா மரம் சீவும் எண்ணமே இல்லை. துண்டு போட்டு விற்கத்தான் வாங்கினார்கள். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்க நாலு பேர்தான் வருவார்கள், ஐந்து ஏக்கர் என்றால் ஊரே வரும். ஏக்கர் விலை ஏறியது அதனால்தான். மரமும் அதே, பாலும் அதே. லயத்துச் சனங்களுக்கோ வேலையும் வீடும் சேர்ந்தே போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான். இன்று 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலம் கைமாற எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கூட்டாளிகள் ‘பங்கு போட்டு வாங்கலாம்’ என்றால், அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

4. அறிவிப்பை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தஞ்சோங் மாலிம் புரோட்டான் சிட்டி 1996-இல் தொடங்கியது. அடுத்த வருஷம் பொருளாதார நெருக்கடி வந்தது. கார் ஆலை திறந்தது 2003-இல். அதுவரை வங்கி வட்டி காத்திருக்குமா? நெடுஞ்சாலை விஷயத்திலும் சாலை எங்கே போகிறது என்பதைவிட, வண்டி எங்கே இறங்கலாம் என்று பாருங்கள். டோல் வாசல் இல்லாத ஊருக்கு இரைச்சல் மட்டும்தான் மிச்சம்.

5. ரப்பர் விலையை அன்றாடம் பார்த்து நிலம் வாங்குபவரிடம் வாதாட வேண்டாம். அவர் விற்கும்போது நீங்கள் வாங்கலாம்.

6. பழைய தோட்டம் என்றால் கோயில் இருக்கும், மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருப்பார்கள். கிராண்டில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் வழக்கு என்று வந்தால் உங்கள் வருஷங்கள் அதில் கரையும். ‘காலி இடம்’ என்று தரகர் எழுதித் தந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே சுற்றிவிட்டு, கோயில் தலைவரையும் பார்த்துப் பேசிவிட்டு, அப்புறம் விலை கேளுங்கள்.