சும்மா விட்ட நிலமும் பேணிய நிலமும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

முன்னுரை

"காட்டை அதன் போக்கில் விட்டுவிடுங்கள், அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும்" என்பது ஒரு கட்சி. "மனிதன் கை வைத்துப் பேணாத நிலம் பாழாகும்" என்பது மறு கட்சி. நான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது நம் துறை மன்றக் கூட்டத்தில் இவ்விரு கட்சிகளும் மோதிக்கொண்டன. முதல் கட்சிக்காக நான் பேசினேன், கைதட்டலும் பெற்றேன். அடுத்த மாதம் கோடை விடுமுறைக்கு ஊர் சென்றேன். மேடையில் வென்ற என் கட்சி, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே கேள்வியில் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின் நான் படித்தவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவ நண்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு நான் எடுத்துக்கொண்டது அரசின் காப்புக் காடுகளைப் பற்றியன்று. அவற்றுக்கு வனத்துறை உண்டு. வரையறுத்த திட்டமும் உண்டு. தனியார் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1949 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் எங்கள் ஊர்ப்பக்கம் உழவு நின்று தானாகக் காடாகிப்போன பட்டா நிலங்களைப் பொறுத்தவரை, வெட்டுவதா, விடுவதா, திருத்துவதா என்பதை நிலத்துக்காரரே தீர்மானிக்கிறார். அந்த நிலத்துக்காரர் பெரும்பாலும் என் தந்தையைப் போன்ற ஏழை விவசாயி.

எங்கள் கரம்பு

இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூருக்குத் தெற்கே உள்ள சிற்றூர் எங்களுடையது. அங்கே எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரிக் கரிசல் உண்டு. என் அப்பத்தா அதை இன்றும் "மூணு குறுக்கம்" என்றே சொல்வார். அவர் மணமாகி வந்த காலத்தில் அதில் குதிரைவாலியும் மிளகாயும் விளைந்தனவாம். வரப்பில் பனையும், மூலையில் உகாய் மரமும், இடையிடையே வேம்பும் உடைமரமும் நின்றனவாம். மழை பொய்த்த ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. கண்மாய் மேடிட்டது. சித்தப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். நான் பிறப்பதற்கு முன்பே ஏர் நின்றுவிட்டது. ஏர் நின்ற இடத்தில் சீமைக் கருவேல் நுழைந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வேலிக்கருவை என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவையை மூட்டக்காரரிடம் விலை பேசி விடுவோம். அவர் வெட்டி, அங்கேயே மூட்டம் போட்டுக் கரியாக்கி, லாரியில் ஏற்றிச் செல்வார். அந்தக் கரிப் பணத்தில்தான் நான் பள்ளி இறுதி வரை படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் இம்மரத்தைப் பழித்து எழுத முற்படும்போது என் பேனா சற்றே தயங்குகிறது.

சென்ற கோடையில் மறுபடியும் மூட்டக்காரர் வந்தார். நான் குறுக்கிட்டேன்.

"அப்பா, இந்த வருசம் வெட்ட வேணாம். கோடாரியே படாம விட்டுருவோம். இருபது வருசத்துல நெசமான காடா வந்துரும்."

அப்பா வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "சும்மா விட்டதுனாலதானடா கருவை வந்துச்சு. பக்கத்துக் கரம்புல யாரு வெட்டுனா? அங்க மட்டும் வேற என்ன மொளைச்சிருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்துக் கரம்பில் பல ஆண்டுகளாகக் கோடாரி படவில்லை என்பது உண்மை. அங்கும் கருவையே அடர்ந்து நிற்கிறது.

பாடநூல் சொல்வதும் சொல்லாததும்

தாவர வழிமுறை வளர்ச்சி பற்றி நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். வெற்று நிலத்தில் முதலில் முன்னோடித் தாவரங்கள் குடியேறுகின்றன. பின் புல், புதர், மரம் எனப் படிப்படியாக மாறி, இறுதியில் உச்சநிலைத் தாவரக் குழுமம் அமைகிறது. என் மேடைப் பேச்சின் அடிப்படை இதுவே.

இக்கருத்துக்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளது. ஜான் பென்னட் லாஸ் என்பவர் தம் சொந்தப் பண்ணையில் பிராட்பாக் என்னும் வயலில் 1843 முதல் ஆண்டுதோறும் கோதுமை விளைவித்து ஆராய்ந்தார். 1882 ஆம் ஆண்டில் அவ்வயலின் மேற்குக் கோடியில் ஏறத்தாழ அரை ஏக்கர்க் கோதுமையை அறுவடை செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். மனிதன் கைவிட்டால் கோதுமை தன் காலில் நிற்குமா என்று பார்ப்பதே நோக்கம். நான்கே ஆண்டுகளில் அங்கே ஒரு சில நலிந்த கோதுமைச் செடிகளே எஞ்சின. பிறகு அவையும் மறைந்தன. களைகளும் புதரும் எழுந்து, நாளடைவில் அது மரங்கள் செறிந்த சோலையாயிற்று.

இதுவரைதான் என் கட்சிக்குச் சாதகம். அந்த அரை ஏக்கரின் மறு பகுதியைப் பற்றி நான் மேடையில் சொல்லவில்லை. அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. அப்பகுதியில் முளைக்கும் மரக்கன்றுகளையும் புதர்க்கன்றுகளையும் மட்டும் ஆண்டுதோறும் களைந்து வந்தனர். அது இன்றும் காடாகவில்லை; புல்லும் பூண்டும் நிறைந்த திறந்தவெளியாகவே இருக்கிறது. ஒரே மண், ஒரே மழை, ஒரே தொடக்கம். ஆண்டுக்கொரு முறை மனிதக் கை பட்டதும் படாததுமே வேறுபாடு.

இதிலிருந்து ஒன்று விளங்கியது. சும்மா விடுதல் ஒரு விளைவைத் தரும். பேணுதல் மற்றொரு விளைவைத் தரும். இரண்டில் எது "இயற்கை" என்று கேட்பதைவிட, எந்த விளைவு வேண்டும் என்று கேட்பதே பொருத்தம்.

பரத்பூர் தரும் பாடம்

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ராஜஸ்தானில் உள்ள கேவலாதேவ் பறவைப் பூங்கா, முன்பு பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டை நிலமாக இருந்தது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அந்தச் சதுப்பு நிலமே மன்னர்கள் அணை கட்டி, மதகு வைத்து, நீர் பாய்ச்சி உண்டாக்கியது.

சுற்றுக் கிராமத்தார் நெடுங்காலமாகத் தம் எருமைகளை அங்கே மேய்த்து வந்தனர். தேசியப் பூங்கா என்று ஆனபின், 1982 நவம்பரில் மேய்ச்சல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. மோதல் மூண்டு, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். கால்நடை நீங்கினால் பறவைகள் பெருகும் என்பதே அன்றைய எண்ணம்.

நடந்தது வேறு. எருமைகள் மேய்ந்து அடக்கி வைத்திருந்த பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பெருகிற்று. நீர்ப்பரப்பைப் புல் மூடியது. திறந்த நீர் தேடி வரும் பறவைகளுக்கு இடம் குறைந்தது, மீன்களும் பாதிக்கப்பட்டன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே ஆராய்ந்து, எருமை மேய்ச்சலால் நன்மையே விளைந்தது என்னும் முடிவுக்கு வந்தனர். தடையை வேண்டியவர்களுள் இக்கழகத்தாரும் அடங்குவர். தம் முந்தைய கருத்துக்கு மாறான முடிவைத் தாமே வெளியிட்ட அவர்தம் நேர்மை, அறிவியல் பயிலும் நமக்கெல்லாம் ஒரு பாடம்.

பின்னாளில் அதே பூங்காவின் உலர்நிலப் பகுதிகளில் நம் சீமைக் கருவேலும் பரவியது. அதை அகற்றச் சுற்றுக் கிராமத்தாரின் கைகளே மீண்டும் தேவைப்பட்டன.

கருவையின் வலிமை

ராதம்ஸ்டெட்டில் சும்மா விட்ட நிலம் சோலையாயிற்று. எங்கள் ஊரில் சும்மா விட்ட நிலம் ஏன் கருவையோடு நின்றுவிட்டது? இதுவே அப்பாவின் கேள்வி.

என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று கருதி, 1877 ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் இதை விதைத்தனர். இதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டியான விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கும். ஆகவே ஆடு போகும் இடமெல்லாம் கருவை போகும். வேர் மிக ஆழம் செல்லும். தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் தழைக்கும். நாங்கள் மூட்டத்திற்கு வெட்டியது மரத்தை ஒழிக்கவில்லை, ஒன்றைப் பலவாக்கியது.

இத்தகைய மரம் முன்னோடியாக வந்து பிறருக்கு வழிவிடுவதில்லை. வந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, சுற்றிலும் வேம்பும் உகாயும் உடையும் அருகிவிட்டால் விதை எங்கிருந்து வரும்? விதை தரும் மரமும், அதைச் சுமந்து வரும் பறவையும் அருகில் இருந்தால்தான் "தானாக வரும்" என்று சொல்லலாம்.

அதற்காகக் கருவையால் பயனே இல்லை என்று கூறுவதும் நேர்மையன்று. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ அடுப்புகள் அதனால் எரிகின்றன. எங்கள் கரம்பிலேயே மயிலும் கவுதாரியும் கீரியும் அதன் நிழலில்தான் ஒதுங்குகின்றன. ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்து வழித்துவிட்டால் அவை எங்கே போகும்? திறந்து போட்ட மண்ணில் புதைந்து கிடக்கும் கருவை விதைகள் அடுத்த மழையில் முளைக்காமல் இருக்குமா?

ஓராண்டுச் சோதனை

அப்பாவும் நானும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நிலத்தை மூன்றாகப் பிரித்தோம். ஓர் ஏக்கரை வழக்கம்போல் மூட்டக்காரருக்கு விட்டோம். என் இந்த ஆண்டுச் செலவு அதில் கழிந்தது. ஓர் ஏக்கரைத் தொடாமல் விட்டோம். மூன்றாவது ஏக்கரில் கருவையைத் தூரோடு பறித்தோம். தப்பி நின்ற இரண்டு வேம்பையும் ஓர் உடைமரத்தையும் காப்பாற்றினோம். வெட்டிய கருவை முள்ளையே அடைத்து ஆடு நுழையாமல் வேலி போட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நான் சென்று, செய்முறை வகுப்பில் கற்ற சதுரக் கட்ட முறையில் கணக்கெடுத்தேன். மூட்டம் போட்ட ஏக்கரில் தூர்கள் யாவும் தழைத்திருந்தன. தொடாத ஏக்கரில் கருவை முன்னிலும் நெருங்கியிருந்தது; ஆயினும் ஒரு முதிர்ந்த மரத்தடியில், பறவை எச்சத்தில் வந்த வேப்பங்கன்று ஒன்றைக் கண்டேன். பறித்த ஏக்கரில் ஆவாரை, கொழுஞ்சி, தும்பை, நெருஞ்சி, பலவகைப் புற்கள் எழுந்திருந்தன. அவற்றைவிட அதிகமாகக் கருவைக் கன்றுகளும் எழுந்திருந்தன!

அப்பத்தா சிரித்தார். "ஈரம் காயுறதுக்குள்ள பிடுங்கு. காஞ்சா கடப்பாரைதான்" என்றார். அவர் முன்னே குனிய, நான் பின்னே குனிய, இரண்டு நாளில் பாதி நிலத்தைத்தான் முடிக்க முடிந்தது. அன்று மாலை அப்பா இன்னொரு கேள்வி கேட்டார்.

"நீ நாளைக்கு வேலைக்குப் போயிருவ. உங்க அப்பத்தாளுக்கும் வயசாகுது. அப்புறம் வருசா வருசம் யாரு பிடுங்குறது?"

முதல் கேள்வியைவிட இது கடினமானது. பேணுதல் ஒருநாள் வேலையன்று. ராதம்ஸ்டெட்டில் அது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏனெனில் அங்கே ஒரு நிலையம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டு மூன்று ஜோடிக் கைகள். பறித்துவிட்டுப் பாதியில் கைவிட்டால், செலவும் போய், முன்னிலும் அடர்ந்த கருவையே மிஞ்சும்.

முடிவுரை

ஓராண்டுக் கணக்கைக் கொண்டு எதையும் நிலைநாட்ட முடியாது என்பதை நான் அறிவேன். எனினும் என் மேடைக் கட்சியைத் திருத்திக்கொண்டேன். அண்டை நிலத்தில் நாட்டு மரங்களும் பறவைகளும் இருந்து, வலிய அயல் தாவரம் இல்லாத இடத்தில், விட்டுவிடுவதே சிறந்த பேணுதல். அயல் தாவரம் பிடித்துக்கொண்ட இடத்தில், விட்டுவிடுவது அதற்கு நிலத்தை எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அங்கே கை வைத்தே ஆகவேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள முடிந்த அளவுக்கு மேல் ஒரு சென்ட்டும் திறக்கக்கூடாது.

அதனால் வரும் ஆண்டில் ஓர் ஏக்கரை அரை ஏக்கராகக் குறைக்க முடிவு செய்திருக்கிறோம். வேம்பும் உடையும் நிற்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். அம்மரங்கள் வளர்ந்து நிழல் தந்தால், வெயிலை விரும்பும் கருவைக்கன்று அங்கே தழைப்பது கடினம். பிடுங்கும் வேலையும் குறையும். பிறகு அடுத்த துண்டுக்குப் போகலாம். மீதி நிலத்தில் கருவை நிற்கட்டும். என் தங்கை பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கும் கரிப் பணம் வேண்டியிருக்கிறது.

சக மாணவ நண்பர்களே! உங்களில் பலர் என்னைப் போலக் கிராமத்திலிருந்து வருபவர்கள். உங்கள் குடும்பத்துக்கும் எங்கோ ஒரு மூலையில் ஏர் நின்ற நிலம் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அங்கே செல்லுங்கள். என்னென்ன முளைத்திருக்கிறது, சுற்றிலும் எந்த மரம் விதை தருகிறது, பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். நம் துறையில் அவற்றை ஒன்று சேர்த்தால், அடுத்த ஆண்டு மலரில் இதைவிடப் பயனுள்ள கட்டுரை ஒன்றை நாம் எல்லோரும் சேர்ந்து எழுதலாம்.